காலி வீட்டில் ஒரு எக்ஸிபிஷன்

பெங்களூரில் சுவரைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒரே மனிதர் எங்கள் சுண்ணாம்பு மேஸ்திரிதான். காக்ஸ் டவுனில் எந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனாலும் முதலில் சுவரைத் தடவிக்கொடுப்பார். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, எரியும்" என்பார். அசல் பேர் அவருக்கே மறந்திருக்கும்.

நாடு சுதந்திரமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். எங்கள் சந்து முனையிலிருந்த பெரிய வீடு காலியானது. திங்கட்கிழமை புதுக் குடித்தனம் வருகிறது, அதற்குள் வெள்ளையடித்து வை என்று வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு ஆறு வீடு. ஆறுக்கும் மேஸ்திரிதான். மேஸ்திரி வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த ஆறு வீட்டை நம்பித்தான்.

மேஸ்திரி சாவியோடு நேரே எங்களிடம் வந்தார்.

"எப்படியும் அழியப்போற சுவரு. யாருக்கு என்ன தோணுதோ வரைங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சு விட்டதும் எக்ஸிபிஷன். மத்தியானம் நான் வெள்ளை அடிச்சிடறேன்."

சந்தே உள்ளே புகுந்தது. பெயிண்டுக்கு எங்கே போக? அடுப்புக்கரி, செங்கல், துணிக்குப் போடும் நீலம். பெண்கள் மஞ்சளைக் குழைத்து வந்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஆளுயரத்துக்கு ஒரு தேவதை போட்டார். இட்லி விற்கும் முனியம்மா ஹால் முழுக்க மயிலை நீட்டினாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத நான் கரியால் ஒரு மாடு வரைந்தேன்.

"பஸ்ஸு நல்லாயிருக்கு" என்றாள் முனியம்மா.

"அது மாடு."

"கொம்பு எங்க?"

"நீ வர்றதைப் பார்த்து உள்ள இழுத்துக்கிச்சு."

மேஸ்திரி மட்டும் என் மாட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இது ஏதோ யோசிக்குதுப்பா" என்றார். அதுவரை என் வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். கூட்டம் கலைந்ததும் மேஸ்திரி மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, தேவதையின் இறக்கையில் ஒரு இழுப்பு இழுத்தார்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும். ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. தேவதை சிவந்தது. மயில் அதைவிடச் சிவந்தது.

"என்ன மேஸ்திரி, வீட்டுக்கே ஆரத்தி எடுத்துட்டீங்க?" என்றாள் முனியம்மா. யாரும் சிரிக்கவில்லை.

கையில் கிடைத்ததை எடுத்து எல்லோரும் அடித்தோம். நாலு கோட். வீடு ரோஸ் கலரில் வந்து நின்றுவிட்டது.

காலையில் வீட்டுக்காரர் வந்தார். "ஏனப்பா இது? வெள்ளைதானே அடிக்கச் சொன்னேன்?"

நான் முந்திக்கொண்டேன். "சாமி, பழைய குடித்தனக்காரங்க ஏதோ கிறுக்கி..."

மேஸ்திரி என் கையைப் பிடித்தார். "நீ சும்மா இருப்பா. நான்தாங்க எல்லாரையும் கூப்பிட்டு வரையச் சொன்னேன். அவங்க மேல தப்பில்ல."

"சாவியக் கொடு. இனிமே என் வீட்டுப் பக்கம் வராத."

ஆறு வீடும் போயிற்று. மேஸ்திரி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஸ்டெல்லா டீச்சர் வழியை மறித்தார்.

"மேஸ்திரி, எங்க ஹால் ரொம்ப அழுக்கா இருக்கு. இன்னிக்கே அடிக்கணும்."

"போன மாசம்தானேம்மா அடிச்சேன்?"

"அதுக்குள்ள ஆயிடுச்சு."

"எங்க சமையல்கட்டும்" என்றாள் முனியம்மா. பின்னால் வரிசை நின்றது.

எனக்கு இருந்தது ஒரே அறை. அந்த வருஷம் அதற்கு மூன்று தடவை வெள்ளையடிக்கச் சொன்னேன்.