எண்ணெய்த் தலைகளும் செட்டாப்பாக்ஸும்

ஆடி இரண்டாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். பொடிச்சாரல், பலத்த காற்று. ஓடிக்கொண்டிருக்கும் சாமானை நிறுத்துவதில் செட்டாப்பாக்ஸை மிஞ்ச தென்காசி ஜில்லாவிலேயே ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது.

செட்டாப்பாக்ஸ் என்பது ஓர் ஆள். தென்காசியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கேபிள்காரர்கள் கழித்துப்போட்ட பெட்டிகளை வாங்கிக் குவித்து, உள்ளே இருக்கும் கம்பெனி சாப்ட்வேரைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றுவான். எதற்கு என்று கேட்டால் முக்கால் மணி நேரம் போய்விடும்.

"கம்பெனிக்காரன் பெட்டியப் பூட்டியில்லா வச்சிருக்கான் அண்ணாச்சி! லினக்ஸ் எல்லாருக்கும் சொந்தம். அதோட புரோகிராம் கோடு ஒவ்வொரு வரியும் நாம படிக்கலாம், மாத்தலாம்."

படிக்கட்டும். கடையத்தில் தன் தங்கை வீட்டு வாஷிங் மெஷினிலும் கைவைத்தான். மறுநாள் அது துணியை நனைத்துவிட்டுப் பாஸ்வேர்டு கேட்டது.

இவனிடம் போய் என் குற்றாலத்து லாட்ஜின் தண்ணீரை ஒப்படைத்தேன். ஆறு அறை. சீசன் மூன்று மாதம். அந்த வரும்படியில்தான் மீதி ஒன்பது மாதம் சாப்பிட வேண்டும். தொட்டி குறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும். மொட்டைமாடியில் அப்படியொரு லினக்ஸ் பெட்டியை மாட்டினான். "இனி யாரும் கை வைக்கப்படாது" என்று பழைய சுவிட்சையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பதினேழு நாள் ஒழுங்காக ஓடியது, அதை மறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் வந்து நின்றான்.

"புது வெர்ஷன் வந்திருக்கு அண்ணாச்சி. பத்தே நிமிசம்."

"சீசன் சனிக்கிழமையிலயாலே? பழசுக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல. புதுசு வந்திருக்குல்லா!"

பாதி ஏற்றும்போது காற்றில் கரண்ட் போய் வந்தது. பெட்டி பழசாகவும் இல்லாமல் புதுசாகவும் ஆகாமல் செத்துக் கிடந்தது.

அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டதும் அதே நேரம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போயிருந்த என் அறைகளில் தங்கியிருந்த இருபத்தொரு பேரும் லாட்ஜுக்கே திரும்பிவந்து ஆறு குழாயையும் திறந்தார்கள். எட்டு நிமிடத்தில் தொட்டி காலி.

"என்னங்கய்யா, சட்டியில இருந்து எடுத்த வடை மாதிரி நிக்கிறோம். தண்ணி எங்க?" என்றார் அவர்களில் ஒரு விருதுநகர்க்காரர்.

மாடியைப் பார்த்துக் கத்தினேன். "ஏலே, தண்ணி எங்க?"

"வருது அண்ணாச்சி! கோடு நம்ம கையிலதான இருக்கு!"

"கோட ஊத்தியாலே குளிக்கச் சொல்லுத?"

மோட்டாரைக் கையால் போடப் பழைய சுவிட்சும் இல்லை; நேராக ஒயர் கொடுக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் ஆலங்குளத்தில் கல்யாண வீட்டில் இருந்தார். லாரித் தண்ணீருக்குச் சொன்னேன். அது வருவதற்குள் நாலு அறை காலி. போனவர்கள் என் துண்டுகளில் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

பெட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிவதற்கென்றே மாடி ஏறினேன். சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, வெற்று உடம்பில் சாரல் வாங்கியபடி லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். குளிரில் அவனுக்குப் பல் கிட்டித்தது. நான் வாயைத் திறக்குமுன் கீழே மோட்டார் உறுமியது. அவன் சிரிக்கவில்லை.

"பெட்டியக் கழட்டிரட்டா அண்ணாச்சி?" என்றான்.

திருப்பிக் கொடுத்த வாடகை நாலாயிரத்து எண்ணூறு. லாரித் தண்ணீர் ஆயிரத்து இருநூறு. துண்டு வெளுக்க முந்நூறு. புது சுவிட்ச் இருநூறு. கரண்ட் போனாலும் அவன் பெட்டி சாகாமல் இருக்க ஒரு பேட்டரி, இரண்டாயிரத்து நூறு. ஆக மொத்தம் எட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.