எட்டுக் கம்பும் எட்டு மணிக்கட்டும்

டாரினின் கொடிக்கம்பு ஆகாயத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றுக்கு மனமில்லாமல் டியூபா என்கிற பெரிய ஊதுகுழலை வாசிக்கிறவனின் காலடியில் வந்து விழுந்தது. அவன் வாசிப்பை நிறுத்தவில்லை. இந்த வாரம் அவனுக்கு இது பழகிப்போயிருந்தது.

பேண்ட் மாஸ்டர் பெல்ஃப்ரி ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தைக் கடந்து ரோண்டாவிடம் வந்தார். அவர் ஒலிபெருக்கி இல்லாமல் பேச வந்தாலே விஷயம் பெரிது.

“ரோண்டா, இந்தக் கம்பைத் தூக்கி எறியறதை எடுத்துடலாமா?”

“எங்ககிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான் சார்!”

“சனிக்கிழமைப் போட்டி வரைக்கும் பாக்கறேன். அங்க ஒரு கம்பு கீழ விழுந்தாலும் அத்தோட சரி. அதுக்கப்புறம் உன் பொண்ணுங்க ஓரமா நின்னு கொடியை ஆட்டட்டும். பழைய கார் விக்கிற கடை வாசல்ல ஆட்டுவாங்களே, அந்த மாதிரி.”

ரோண்டாவுக்குச் சுருக்கென்றது. கொடி அணிக்கு அவள் பயிற்சியாளராக வந்தது இந்த ஆண்டுதான். எட்டுப் பெண்களும் ஒரே நொடியில் எட்டுக் கொடிகளை எறிந்து பிடிப்பது அவள் ஆசை ஆசையாகச் சேர்த்த பகுதி. அதை எடுத்துவிட்டால் அவர்கள் பேண்டுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலைதான்.

அணித்தலைவியான டாரினை ரோண்டா கூப்பிட்டாள். “என்னம்மா ஆச்சு?”

“கம்பு ரொம்ப லேசா இருக்கு கோச். காத்தடிச்சா என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது.”

இது ரோண்டாவுக்குப் புரிகிற பேச்சு. கோடை விடுமுறையில் பிளாஸ்டிக் குழாய்களை ஒழித்துக்கட்டி அலுமினியக் கம்பு வாங்க வைத்ததே அவள்தான். பிளாஸ்டிக் வளையும், அலுமினியம் வளையாது. ஆனால் வெறும் கம்பு சுழலாது. இரண்டு முனைகளிலும் உள்ளே போல்ட் செருகி, ரப்பர் மூடி மாட்டி, டேப் சுற்றினால்தான் சொன்னபடி கேட்கும்.

அன்று மாலையே எல்லாக் கம்புகளையும் வீட்டு காரேஜுக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன எழுத்தில் சொந்தக்காரியின் பெயர் இருக்கும். டாரின் பெயர் போட்டதைத் தேடியெடுத்து முனைக்கொரு போல்ட் கூடுதலாகப் போட்டாள்.

மறுநாள் கம்புகளை மொத்தமாகச் சாய்த்துவைத்தாள், பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். டாரின் மறுபடியும் கோட்டைவிட்டாள். “இன்னும் லேசாத்தான் இருக்கு கோச்.”

பக்கத்தில் நின்ற மாரிசோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினாள். “எனக்குக் கையே கழண்டு போச்சு. ஒரே ராத்திரியில எப்படி இவ்வளவு கனத்துச்சு?”

“உன் கம்பை நான் தொடவே இல்லையேம்மா!”

இருந்தாலும் பிள்ளை பொய் சொல்லுமா? டாரினுக்கு இன்னும் இரண்டு போல்ட் போட்டாள். மாரிசோலின் கம்பிலிருந்து இரண்டை உருவினாள். அதற்கடுத்த நாள் மாரிசோலுக்கு இறகாகப் பறந்தது. அணியிலேயே பொடிசான ஓபல், தன் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார்கள் என்று அழுதாள். விழுகிற கம்புகள் ஒன்றிலிருந்து நான்காயின. டியூபாக்காரன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தான்.

ரோண்டாவின் கணவன் வெர்ன் காரேஜ் வாசலில் நின்றபடியே சில்லி என்கிற பீன்ஸ் குழம்பை ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டான்.

“அதெப்படி, கம்புக்கு வேளைக்கு ஒரு கனம்?”

“காத்துல ஈரம் ஜாஸ்தி. அதனாலயா இருக்கும்.”

“அலுமினியம் தண்ணி குடிக்காதும்மா.”

“அப்ப நீயே வந்து போடு!”

அவன் சில்லியோடு வீட்டுக்குள் போய்விட்டான்.

ஈரமில்லை என்றால் மணிக்கட்டுதான். ரோண்டாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. தையல்காரி மாதிரி டேப்பை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கட்டையும் அளந்தாள். முழங்கையை அளந்தாள். அந்தந்தக் கைக்கு ஏற்றபடி போல்ட்டைக் கூட்டியும் குறைத்தும், ஒவ்வொரு கம்பையும் விரல்மேல் வைத்துச் சமநிலை பார்த்து, எட்டையும் எட்டு விதமாகச் செய்துமுடித்தாள். எட்டு விதமாகவும் அவை விழுந்தன.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் பெண்களின் ஒற்றுமை. யார் கம்பு விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவள் ஓடிவருவாள். இருவரும் கொடிகளைத் திரையாக இழுத்துப் போட்டுக்கொண்டு தலையோடு தலை சேர்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். எப்படி ஒருத்தியை ஒருத்தி தேற்றுகிறார்கள் என்று நினைக்கும்போதே ரோண்டாவுக்குக் கண் கலங்கும்.

சனிக்கிழமை சோளக்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. ரோண்டா நடுவர்களைப் பார்க்கவில்லை, பெல்ஃப்ரியையும் பார்க்கவில்லை. முரசு உருண்டது. எட்டுக் கொடிகள் மேலே போயின. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கம்பு தரையில் மோதும் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ஓசை வரவில்லை. கைதட்டல்தான் வந்தது.

கண்ணைத் திறந்தால் எட்டுக் கையிலும் எட்டுக் கம்பு. ரோண்டா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

தின்பண்டக் கடையருகே பெல்ஃப்ரி வந்து கை குலுக்கினார். “நான் தோத்துட்டேன் ரோண்டா. எறியறது இருக்கட்டும். அந்தக் காத்துல எப்படித்தான் பிடிச்சாங்க?”

இந்தக் கேள்விக்குத்தானே அவள் காத்திருந்தாள். மணிக்கட்டுக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தாள். யார் கைக்கு எத்தனை போல்ட், எந்த முனையில் எவ்வளவு கனம், எல்லாவற்றையும் விரல்விட்டு விளக்கினாள். “அவங்கவங்க கைக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச கம்பு சார். வேற ஒருத்தி தொட்டா வேலைக்காகாது. இதோ ஓபலையே கேளுங்க.”

ஓபல் நாச்சோ சிப்ஸை மென்றுகொண்டிருந்தாள்.

“உன் கம்பு எப்படிம்மா?” என்றார் பெல்ஃப்ரி.

“எதைக் கேக்கறீங்க சார்?” ஓபல் விரலில் ஒட்டிய சீஸை நக்கினாள். “கீழ போட்ட கம்பு ராசியில்லாதது, உடனே பக்கத்தவகிட்ட மாத்திடணும். கோச்சுக்கு மட்டும் தெரியவே கூடாது. சீனியருங்க காலத்துலேருந்து அதான் எங்க வழக்கம். எட்டும் எட்டுக் கனம், எது வந்தாலும் பிடிச்சுத்தானே ஆகணும்? என் பேர் போட்ட கம்பு இன்னும் என் கைக்குத் திரும்பி வரவே இல்ல.”