லட்சுமணசாமி ஐயா பஸ் ஏறிய புதன்கிழமை

கோவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனி அதை இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: எங்கள் அதிகாரி லட்சுமணசாமி பஸ்ஸில் ஏறுவதற்கு முன், ஏறியதற்குப் பின்.

'புதன்தோறும் பொதுப் போக்குவரத்து' திட்டத்தைத் தொடங்கிவைக்க, சூலூரிலிருந்து காந்திபுரத்துக்கு ஐயா பஸ்ஸில் வந்தார். உதவியாளன் என்ற முறையில் எனக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. தனி பஸ் பிடித்தால் வீண்செலவு. ஆகவே காலையில் அந்த வழியில் ஓடும் டவுன் பஸ்ஸையே 'மக்கள் சேவைக்காக' எடுத்துக்கொண்டோம். ஐயாவின் சீட்டில் பூத்துவாலை விரித்தோம். நெரிசலில் விழிப்புணர்வு கசங்கிவிடும் என்பதால் மக்களை மட்டும் ஏற்றவில்லை. ஐயாவின் கார் காலியாகப் பின்னால் வந்தது.

வழியெங்கும் வரவேற்புதான். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஜனங்கள் கையை ஆட்டினார்கள். சிலர் பஸ்ஸின் பின்னாலேயே ஓடிவந்தார்கள். ஐயா கண்கலங்கி, ஜன்னல் வழியாக அவரும் கையாட்டினார்.

"எத்தனை பாசம் பாருங்க."

"ஆமாங்கய்யா. உங்களைப் பார்த்தா உட மனசு வரமாட்டேங்குதுங்க," என்றேன்.

காந்திபுரத்தில் மாலை மரியாதை முடிகிற நேரம். காய்கறி வேன் ஒன்றிலிருந்து கெசியா என்ற பெண், தன் அப்பா அமிர்தநாதனைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அவர் கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. காலையில் பஸ்ஸின் பின்னால் ஓடிவந்தவள் அவள்தான்.

"ஏனுங்க, நாங்க கையக் காட்டுனது பஸ்ஸை நிறுத்தச் சொல்லிங்க. அப்பாவுக்கு இன்னைக்கு டயாலிசிஸ். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகோணுங்க. இல்லாட்டி அவரு முறையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"கவலைப்படாதீங்க அம்மணி. உங்களுக்காகத்தான் இந்தச் சேவையே," என்றார் ஐயா.

"சேவை வேண்டாமுங்க. எங்க பஸ்ஸைத் திருப்பிக் குடுத்துப்போடுங்க, போதும்."

ஐயாவின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? ஜனங்களே பஸ்ஸைக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. திட்டம் வெற்றின்னு குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டேன்.

கெசியா ஆட்டோ தேடினாள். விழாவுக்கு இடைஞ்சல் என்று ஆட்டோக்களை நாங்கள் காலையிலேயே விரட்டியிருந்தோம். பக்கத்தில் ஐயாவின் கார் ஏசி ஓடியபடி நின்றது. அமிர்தநாதன் அதன் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

அதில் அவர்களை ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஆனால் தொடக்க நாளிலேயே மக்களைக் காரில் போகப் பழக்கலாமா? அந்தப் பாவம் ஏழை எளியவரைச் சேர வேண்டாம் என்று, பெரியவரை மெல்ல நகர்த்தி நிறுத்திவிட்டு, ஐயா ஒருவரே காரில் ஏறிப் போனார்.