துபாய்க்குத் தொதல் சுமந்த தொழிலதிபர்

வருமான வரி ஆபீசுக்குப் போயி ஒரு விளக்கம் சொல்லிட்டு வரணும். நேத்து எனக்கு இம்புட்டுத்தான் வேலை. மதியச் சோத்துக்கு வந்துருவேன்னு வீட்டுல சொல்லிட்டுத்தான் கீழக்கரையில பஸ் ஏறுனேன்.

விஷயம் என்னன்னா, ஒரே வருசத்துல மூணு தடவை துபாய் போயிட்டு வந்துட்டேன். குடம், வாளி விக்கிற நம்ம பிளாஸ்டிக் கடை வருமானத்துக்கு மதுரை போறதே பெரிய விஷயம்! பிளேன்ல பறந்த கணக்கும் வரிக் கணக்கும் ஒத்துப்போகலையேன்னு ஆபீஸ்ல கேட்டுட்டாக. பதில் சரியில்லைன்னா வரியும் அபராதமும் சேந்து வரும். கடையவே வித்தாலும் பத்தாது.

ஆனா எங்கிட்ட உண்மை இருக்கே!

லாத்தா, அதான் எங்கக்கா, அது புருஷன் துபாய்ல இருக்காரு. மச்சானுக்குத் தொதல்னா உசுரு. தேங்காப்பாலும் கருப்பட்டியும் சேத்து, கை கடுக்கக் கிண்டுற எங்க ஊரு இனிப்பு. லாத்தா கிண்டும். மச்சான் டிக்கெட் போடுவாரு. நான் சொமந்துட்டுப் போவேன். வரும்போது கம்பளியும் தைலமும் சொமந்துட்டு வருவேன். நான் ஒரு பார்சல், அவ்வளவுதான்.

இதை ஊருக்குள்ள சொல்ல முடியுமா? "பிசினஸ் விஷயமா போறேன்"னு சொல்லி வச்சிருந்தேன்.

ஆபீசர் ஒரு மேடம். பக்கத்துல எங்க ஆடிட்டர்.

"டிக்கெட் யாரு எடுத்தா?"

"மச்சான் மேடம்."

"எதுக்கு?"

"தொதல் கொண்டு போக மேடம்."

"மூணு தடவையுமா?"

"சீக்கிரம் தீந்துருது மேடம்."

மேடம் கம்ப்யூட்டரை எம்பக்கம் திருப்புனாக. யா அல்லாஹ்! என் பேஸ்புக்!

எங்கூட்டாளி காதர் பஸ் ஸ்டாண்டுல வச்ச பிளக்ஸோட போட்டோ அது. யாரோ கோட்டு சூட்டு போட்டவன் உடம்புல என் தலை. பின்னாடி ரெண்டு பிளேன். "துபாய் வர்த்தகப் பயணத்தை வெற்றிகரமாக முடித்துத் தாயகம் திரும்பும் தொழிலதிபரே வருக!" கீழ நானே "நன்றி உறவுகளே"ன்னு கமெண்ட் வேற போட்டுருக்கேன்.

"இந்தத் தொழிலதிபர் யாரு?"

"நாந்தான் மேடம். ஆனா நான் இல்ல மேடம்."

ஆடிட்டர் தலையில கைய வச்சுட்டாரு.

"மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க"ன்னாக மேடம். போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மனுசன் பொங்கிட்டாரு.

"இவன் எங்க மேடம் செலவழிக்கப் போறான்! ஏர்போர்ட்ல தண்ணி பாட்டில் வாங்கணும்னாக்கூட எனக்குத்தான் போன் போடுவான். போன தடவை தொதல்ல பாதிய வழியிலயே தின்னுட்டு, கஸ்டம்ஸ்ல எடுத்துட்டாகன்னு பொய் சொன்னான்!"

ஆபீஸே சிரிக்குது. மானம் கப்பலேறிருச்சு. ஆனா மச்சான் திட்டத் திட்ட மேடம் மூஞ்சி தெளியுது. பாத்தேன். நானே எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சுட்டேன்.

"மச்சான், அந்த லிப்ட் கதையையும் சொல்லுங்க மச்சான்!"

அதையும் சொன்னாரு. லிப்டுக்குப் பயந்து சூட்கேசோட நான் மாடிப்படி ஏறுனதைக் கேட்டு பியூன் வரைக்கும் சிரிச்சுட்டாரு.

"சரி. மச்சான் டிக்கெட் எடுத்ததுக்கு பேங்க் ஆதாரம் வாங்கிக் குடுங்க. நானும் இப்ப அந்தப் பக்கந்தான் வாரேன், கடைய ஒரு பார்வை பாத்துட்டா முடிச்சிரலாம். மொதல்ல அந்த பிளக்ஸ எடுங்க"ன்னாக மேடம்.

வெளிய வந்ததும், காலையில விஷயத்தைக் கேட்டு என்னைய பஸ் ஏத்திவிட்ட காதருக்குப் போன் போட்டேன். "ஏலே, அந்த பிளக்ஸக் கழட்டுலே!"

"அதெல்லாம் காலையிலயே கழட்டியாச்சு மாப்புள. நீ தெம்பா வா!"

ஆகா, நண்பன்னா இவன்! தெம்பா ஆடிட்டர் கார்ல ஏறுனேன். பின்னாடியே மேடத்தோட ஜீப்பு.

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுல எறங்குனா, பழைய பிளக்ஸ் இருந்த எடத்துல அதை விடப் பெருசா புதுசு. அதே கோட்டு, அதே தலை. பிளேன் மட்டும் இப்ப மூணு. "வருமான வரித்துறையே நேரில் அழைத்துப் பேசிய மாபெரும் தொழிலதிபரே வருக வருக!" அடியில காதர் மாலையோட நிக்கிறான்.

மேடம் ஜீப்ப விட்டு எறங்கி, முழுசா வாசிச்சு முடிச்சுட்டு, எம்பக்கம் திரும்புனாக.

"இதுவும் தொதலுக்குத்தானா?"