பத்தாயிரத்தில் மூன்று

பட்டாபிராம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் லோகநாதன் அவர்களுக்கு,

பரந்தாமன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படித் தொடங்கிய மூன்று தாள்களைக் கசக்கிப் போட்டுவிட்டேன், ஏனென்றால் இங்கு அனைவரும் நலமில்லை. குத்தம்பாக்கத்தில் தாங்களும் தங்கள் மனைவியும், கிடங்கில் தாங்கள் ஓட்டும் பளுதூக்கி வண்டியும் நலமாக இருப்பதாக என் மகள் பானுப்பிரியா மூலம் அறிந்தேன். போன் செய்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். செய்தால் தாங்கள் எடுக்க மாட்டீர்கள். எடுத்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது. ஆகவே கடிதம்.

தங்கள் அக்கா சாமுண்டீஸ்வரிக்கு உடம்பு சரியில்லை என்ற அளவில் காதில் விழுந்திருக்கலாம். முழுவதும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் கழிந்த வாரம் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, காலிலும் கையிலும் நீலநீலமாகக் கன்றிப் போயிருந்தது, நானோ, “கட்டில்ல கதவுல இடிச்சிகினு நிக்கிறியே, கண்ண எங்க வெச்சிகினு நடக்கிற?” என்று திட்டினேன், பிறகு காய்ச்சல் வந்தது, தெருவே கூடி டெங்கு என்று முடிவு கட்டிப் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தது, ஐந்து வீட்டுச் சாறு, யார் மனமும் நோகக்கூடாது என்று ஐந்தையும் அவள் குடித்தாள். ஆறாம் நாள் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது, சோதனைக்கூடத்துப் பெண் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். அன்று மாலையே நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் ரேவதி சின்ன வயசு, குரல் மட்டும் தலைமையாசிரியை மாதிரி. “ரத்தப் புற்றுநோய். வேகமா வளர்ற வகை. இன்னைக்கே ஆரம்பிக்கணும்” என்றார்.

ஆரம்பிக்கும்போதே எலும்பு மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஜீன்களை எழுத்து எழுத்தாகப் படிக்க அனுப்பினார்கள். சீக்வென்சிங் என்று பெயராம். ஒரு ஜீனில் நான்கு எழுத்து கூடுதலாகப் புகுந்திருக்கிறது என்று பதில் வந்தது. “எத்தனை கோடி எழுத்து மேடம் மொத்தம்?” என்றேன். “முந்நூறு கோடி” என்றார். “அதுல நாலு எழுத்துதானே?” என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். 

அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் பானுப்பிரியா கல்யாண மண்டப வாசலில், தாங்கள் பார்த்தது. எண்ணூறு பத்திரிகையிலும் தாய்மாமன் பெயர் சோகநாதன் என்று அச்சாகியிருந்தது. பந்தியில் ஒருவன் சும்மா இராமல், “இன்னா சோகநாதா, ஏன் சோகமா கீறே?” என்று கேட்டான். நான் தங்கள் தோளில் தட்டி, “ஒரு எழுத்துதானே மச்சான், வுடு” என்றேன். தாங்கள் சீர்த்தட்டை வைத்துவிட்டுப் போனீர்கள், அன்றோடு பேச்சு நின்றது. அச்சகத்தான் தப்பு என்று ஒன்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். அது பொய், லோகு. அச்சகத்தான் பிழை பார்க்கச் சொல்லி மாதிரித் தாளை என்னிடம்தான் கொடுத்தான். ஆவடி தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் இரும்பில் விரிசல் தேடிச் சீல் குத்தியவன் நான். அந்தத் தாளை அரை நிமிடம் பார்த்து, என் பெயரும் என் பதவியும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, கையெழுத்துப் போட்டேன். உன் பெயர் வரைக்கும் கண் போகவில்லை.

நீ என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், இனி அப்படியே போகட்டும்.

மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் அவளுக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. இரண்டாவது சுற்று முடிந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். கெட்ட அணு ஒன்றும் கண்ணில் படவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னொரு பரிசோதனை பாக்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கித் தெருவுக்குக் கொடுத்து, மிச்சத்தை சென்ட்ரல் போகும் ரயிலில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்து, “எங்க ஊட்ல நல்லாயிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே போனேன். பன்னிரண்டாம் நாள் அந்த இன்னொரு பரிசோதனையின் முடிவு போனுக்கு வந்தது. நாலு பக்க ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது டிடெக்டட் என்ற ஒரு சொல்தான். விரிசல் தேடும் எங்கள் இலாகாவில் அது நல்ல சொல். சமையலறைக்கு ஓடி, “சாமுண்டி, கண்டுபுடிச்சிட்டாங்க” என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே, “எதை?” என்று கேட்டாள்.

டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். மைக்ரோஸ்கோப்பே பாஸ் போட்டதை இவர்கள் எப்படித் திருப்பி அனுப்பலாம் என்று. அவர் பொறுமையாகச் சொன்னார்: “மைக்ரோஸ்கோப் மேம்பாலத்துல நின்னு பிளாட்பாரத்தைப் பாக்கற மாதிரி. கூட்டம் ஒழுங்கா இருக்குன்னு தெரியும். இந்த டெஸ்ட் இறங்கிப் போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் டிக்கெட் கேக்கும். பத்தாயிரம் பேர்ல மூணு பேர்கிட்ட அந்த நாலு எழுத்து இன்னும் இருக்கு.”

“மூணு பேர் இன்னா பண்ணிடுவாங்க மேடம்?”

“மூணு ஆறாகும், ஆறு பன்னெண்டாகும். கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வந்தப்புறம் பாத்தா லேட். இப்ப தெரிஞ்சது நம்ம அதிர்ஷ்டம்னு வெச்சிக்குங்க.”

அதிர்ஷ்டம் என்ற சொல்லை அன்று முழுக்க மென்றேன். நோய் இல்லை என்று நினைத்து மைசூர்பாகு கொடுத்தது அதிர்ஷ்டமா, இருக்கிறது என்று தெரிந்து தூக்கம் கெட்டது அதிர்ஷ்டமா? இப்போது தோன்றுகிறது, பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவனைவிட, பத்தாயிரம் பேரிடமும் நின்று கேட்கிறவன்தான் நமக்கு வேண்டியவன்.

அவளை மறுபடி வார்டில் சேர்த்தபோது, இனி மருந்து மட்டும் போதாது, வேறொருவர் உடம்பிலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் எடுத்து இவளுக்கு ஏற்ற வேண்டும் என்றார்கள். உடனே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அங்கிருந்த நர்ஸ் சிரித்துவிட்டு, “புருசன் பொண்டாட்டிக்கு பொருந்தறது ரொம்ப அபூர்வம் சார். கூடப் பொறந்தவங்க யாராச்சும் கீறாங்களா?” என்றார். படுக்கையிலிருந்து இவள், “முப்பத்தோரு வருசமா எதுலயும் ஒத்துப்போவாத மனுசன், இதுல மட்டும் ஒத்துப்போவப் போவுதா?” என்றாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வராந்தாவுக்குப் போய், சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

அவளுக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருவன்தான். நாலில் ஒரு பங்குதான் பொருந்த வாய்ப்பு என்கிறார்கள். அந்த ஒரு பங்கைக் கேட்க எனக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று. எனக்காக வராதே. என்னைத் திட்டிக்கொண்டே வந்தாலும் சரி. ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்துப் பார்.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருவேற்காட்டு அம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தப்பு செய்த மாமன்,
பரந்தாமன்.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் சாமுண்டீஸ்வரியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “பானு சொல்லி, நீ இல்லாத நேரத்துல அவன் வந்து ரத்தம் குடுத்துட்டுப் போயி இருவது நாளாவுது” என்றாள். “பத்துக்குப் பத்தும் பொருந்திச்சுன்னு நேத்து டாக்டரம்மா சொல்லிச்சு. நம்ம ஜாதகத்துலயே ஏழுதான் பொருந்திச்சு, தெரியுமா?” ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீயா எழுதுறியான்னு பாத்துகினு இருந்தோம்” என்றாள். ஆக, மேலே எழுதியதெல்லாம் உனக்குத் தெரிந்த சங்கதி. கிழிக்கப் போனேன், அவள் விடவில்லை. ஊசி என்றாலே உனக்குப் பயமென்றும், ரத்தம் எடுத்த அன்று மயங்கி விழுந்தாய் என்றும், முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து மறு கையை நீட்டினாய் என்றும் சொன்னாள். ஸ்டெம் செல் எடுப்பதற்கு முன் உனக்கு ஐந்து நாள் ஊசி போடுவார்களாம். ஐந்து நாளும் நான் உன் பக்கத்தில் உட்காருகிறேன், லோகு. பேச வேண்டாம். கையை மட்டும் பிடித்துக்கொள்.