குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடு

திரையில் அந்தப் பிரெஞ்சு நாயகன், ஏரிக்கரை ஓட்டலின் வரவேற்பு மேஜை முன்னால் நின்றுகொண்டு, தன்னை அடியோடு மறந்துபோன மனைவியைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தான். கீழே தமிழில், "ரெண்டு சூப். நல்லா சூடா இருக்கணும்" என்று விழுந்தது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேலே புரொஜக்டர் அறையில் பிரெஞ்சு வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். பழைய கறுப்பு வெள்ளைப் படம்; அதில் தமிழ் எழுத்து கிடையாது. அவர் மொழிபெயர்த்த வசனமெல்லாம் லேப்டாப்பில் வரிசையாக இருந்தது. நடிகர் வாயைத் திறக்கும்போது ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு வரி திரையில் விழும். இதற்கென்ன பெரிய வித்தை? ஆனால் கை ஒரு தட்டு கூடத் தட்டிவிட்டது. அடுத்த காட்சியில் வரவேண்டிய சூப் இப்போதே வந்துவிட்டது.

எல்லாம் மூன்றாவது வரிசை ஓரத்தில் தெரிந்த கொண்டையால் வந்த வினை. வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டாள்!

அவர் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. சண்டை என்று ஒன்றுமே நடக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து கை கழுவினாள், பெட்டியை எடுத்தாள், போய்விட்டாள். அன்றிலிருந்து வாத்தியார் ரேடியோவுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டார். ஒற்றை ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது இன்னும் பிடிபடவில்லை. சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது கை தானாகவே மெதுவாகிவிடும். உள்ளே யாருமில்லை என்று தெரிந்துகொள்ள என்ன அவசரம்?

மச்சான் மூலமாக இந்தக் காட்சிக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். நேரில் கேட்க அவருக்கு வாய் வராது. அதனால் கடைசிக் காட்சியில், நாயகன் மனைவியின் கையைப் பிடிக்கும் இடத்தில், பிரெஞ்சு வசனத்தைத் தூக்கிவிட்டுத் தன் சொந்த வரியைச் சொருகிவைத்திருந்தார்: "அலமாரியில உன் பக்கம் காலியாவே இருக்கு. வந்துடு."

அதைப் படித்தால் அவளுக்குப் புரியும். படிக்க வேண்டுமே!

அவசரமாகப் பின்னால் போகும் பட்டனைத் தட்டினார். பதற்றத்தில் நாலைந்து தட்டு விழுந்துவிட்டது. நாயகி கண்ணீரோடு நாயகனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "நாய்க்கெல்லாம் இங்க அனுமதி இல்ல."

கொண்டை குலுங்கியது. சிரிக்கிறாள்!

இனி நாயகன் பேசினால்தான் எந்த இடம் என்று பிடிக்க முடியும். அந்தப் படுபாவியோ ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்க்க ஆரம்பித்தான். பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பேசித் தொலையேன்டா என்று வாத்தியார் வாய்விட்டே கெஞ்சினார். பொறுக்கமுடியாமல் ஒரு குத்துமதிப்பாக முன்னால் தள்ளினார். நாயகி, ஏதோ ஞாபகம் வந்தவளாக, நாயகனின் முகத்தை முதல்முறையாகத் தொட்டாள்.

"குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடு."

அரங்கமே கைதட்டியது. கதவைத் தள்ளிக்கொண்டு திரைப்படச் சங்கச் செயலாளர் உள்ளே வந்தார்.

"பிரமாதம் சார்! ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா ஒழுகிப் போறதைக் குழாய்ல கொண்டுவந்து காட்டிட்டீங்க. எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு."

"ஐயோ, அது பிளம்பர் வர்ற சீன் சார். தப்பா விழுந்துடுச்சு."

"உங்களுக்கு இந்தத் தன்னடக்கம்தான் சார் அழகு" என்று சொல்லி அவர் தோளில் ஓங்கித் தட்டினார்.

தட்டிய வேகத்தில் வாத்தியாரின் விரல் பட்டனில் அழுந்தியது. பட்டன் மேலே வரவில்லை. திரையில் வசனங்கள் குடுகுடுவென்று ஓடி, கடைசி வரியில் போய் நின்றன. அப்போது பார்த்து ஓட்டலின் தடித்த மானேஜர், மூட்டை தூக்கும் மீசைக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

"அலமாரியில உன் பக்கம் காலியாவே இருக்கு. வந்துடு."

கூரை இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். மூன்றாவது வரிசைப் பெண்மணி எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, விறுவிறுவென்று வெளியே போனாள்.

வாத்தியார் லேப்டாப்பை மூடிவிட்டார். மிச்சப் படம் தமிழே இல்லாமல் ஓடியது. யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. விளக்கு எரிந்தது, கூட்டம் கலைந்தது, செயலாளரும் போனார். வாத்தியார் மட்டும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இனி யாரிடம் சொல்லி அனுப்புவது? மச்சானும் இதைக் கேட்டால் சிரிப்பார். அவருக்கு அழுகையாக வந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தபோது இன்னும் அதிகமாக வந்தது.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் சாவிக்கொத்தோடு மேலே ஏறி வந்தார்.

"என்ன சார், கிளம்பலையா? கதவைச் சாத்தணும்."

"மூணாவது வரிசையில இருந்தவங்க..." வாத்தியார் மூக்கை உறிஞ்சினார். "போகும்போது ரொம்பக் கோவமா இருந்தாங்களா?"

"அவங்களா? அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேன்னு ஓடுனாங்க. நம்ம செயலாளரோட வீட்டம்மா சார் அவங்க."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ... என் வீட்டுக்காரி வரவே இல்லையா?"

"வராம என்ன, ஆரம்பத்துலேர்ந்தே வாசல்ல என் ஸ்டூல்லதான் உக்காந்திருக்காங்க. உள்ள போங்கம்மான்னா, 'தினம் சாப்பிடும்போதெல்லாம் இந்தப் படத்தோட கதையையே அவர் சொல்லிச் சொல்லி உயிரை எடுத்ததாலதான்யா நான் வீட்டை விட்டே போனேன், அந்தக் கண்றாவி முடிஞ்சதும் சொல்லுங்க, மனுஷனைக் கூட்டிட்டுப் போகணும்'னாங்க."