லரிஸாவை ஒரு நீலக் காரிடமிருந்து காப்பாற்றிய விவரம்

சாஸ்கட்டூன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புக்குரிய மாப்பிள்ளை வாசிலுக்கு,

ஒரெஸ்ட் எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். எதிர்மாறான தகவல் ஏதும் வராத நிலையில், தாங்களும் என் தங்கை ஒலேனாவும் நலமென்றே கருதிக்கொள்கிறேன். "நீங்க வக்கீல், என் பொண்ணை எவனும் ஏமாத்தாம பாத்துக்கங்க" என்று தாங்கள் தொலைபேசியில் ஒப்படைத்த பொறுப்பு முழுமையாக நிறைவேற்றப்பட்டது. லரிஸாவை எவரும் ஏமாற்றவில்லை. அவள் காரும் வாங்கவில்லை.

நாளை அவள் செவிலியர் வேலையில் சேர வேண்டும் என்பதும், மருத்துவமனை வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பதும், அங்கே போன பேருந்தை என்றோ நிறுத்திவிட்டார்கள் என்பதும், முதல் நாளே வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்பதும் நான் அறியாதவை அல்ல. ஆனால் பழைய கார் விற்பவருக்கு வாடிக்கையாளரின் அவசரத்தைப் போல ஒரு கூட்டாளி கிடையாது.

அவள் தேர்ந்தெடுத்தது டுவெய்ன் என்பவரின் கடையிலிருந்த ஒரு நீலக் கார். சூடான என்ஜின் தன் குறைகளை மறைக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே டுவெய்னை அழைத்து, இரவு அந்தக் காரின் என்ஜின் ஹீட்டரை மின்சாரத்தில் சொருகிச் சூடேற்றக் கூடாது என்று எச்சரித்தேன். சனிக்கிழமை காலை மைனஸ் முப்பத்தொன்று. சாவியைத் திருப்பினேன். கார் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. இதை முதல் குறையாகப் பதிவு செய்தேன்.

"ஐயா, இந்தக் குளிர்ல சொருகாம விட்டா எந்த வண்டிங்க எழுந்திருக்கும்? என்னையே ராத்திரி வெளிய நிறுத்தினா காலைல ஸ்டார்ட் ஆக மாட்டேன். சாரி," என்றார் டுவெய்ன்.

அன்று அவர் சொன்ன சாரிக்குக் கணக்கில்லை. நம் மாகாணச் சட்டப்படி மன்னிப்புக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்பது தெரிந்தேதான் சொன்னார் என்பது என் ஊகம்.

அடுத்து, விபத்தில் நசுங்கிய இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்கக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தேன், காந்தம் ஒட்டியது, கையுறையைக் கழற்றியிருந்தபடியால் என் விரல்களும் ஒட்டின, டுவெய்னின் மனைவி மர்லீன் வெதுவெதுப்பான காப்பியை ஊற்றி என்னை விடுவித்தார், அது என் கால்சட்டையில் வழிந்து அங்கேயே உறைந்தது, விறைத்த காலோடு உள்ளே போய் உட்கார்ந்தால் ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி" என்று, பின்னால் தெரியும் குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல என்னும் ஒரு விதி, அதைப் பேனாவால் அடித்தேன், அவர் "நல்ல வண்டிங்க" என்றார், அதை எழுத்தில் தாருங்கள், "நல்ல" என்பதற்கு விளக்கமும் தாருங்கள் என்றேன்.

"நல்லதுன்னா நல்லதுதாங்க."

"யாருக்கு? எத்தனை காலத்துக்கு? எந்தப் பருவத்தில்?"

"சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவரு வண்டிங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாரு."

பாதிரியாரிடமிருந்து பிரமாணப் பத்திரம் கேட்டேன். டுவெய்ன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மாமா, நாம வாங்க வந்தது கார். மாப்பிள்ளை பாக்க வரலை," என்றாள் லரிஸா. பிறகு, மர்லீனுக்கு உதவப் போகிறேன் என்று உள்ளறைக்குப் போய்விட்டாள். பெண்ணுக்குப் பொறுமை போதாது.

பொழுது சாயும்வரை "நல்ல" என்பதைத் தாண்ட முடியாததால் பேச்சு முறிந்தது. வெளியே வந்தால், அத்தனை நேரம் குளிரில் நின்ற என் கார் அசையவில்லை. டுவெய்ன் நீலக் காரின் பேட்டரியிலிருந்து கம்பி போட்டு அதைக் கிளப்பினார். இதை நீலக் காருக்குச் சாதகமான சான்றாக ஏற்க இயலாது. மதியத்திலிருந்து அதைச் சொருகி வைத்திருந்தார்கள்.

ஆகவே கவலை வேண்டாம். நாளை காலை நானே லரிஸாவை என் காரில் கொண்டுபோய் விடுவேன். அந்தக் காரின் வரலாறு எனக்கு ஐயமறத் தெரியும்.

ஒலேனாவுக்கு என் அன்பும், தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் குறையற்ற உடல்நலமும், இறைவனின் விருப்பத்துக்கு உட்பட்டு, உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
ஒரெஸ்ட் ஹவ்ரிலுக்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. என் கார் ரேடியேட்டரில் உறைதடுப்புத் திரவத்தோடு கோடையில் சிக்கனமாகக் கலந்த வெறும் தண்ணீர், சனிக்கிழமையைவிடக் கடுமையான நேற்றிரவுக் குளிரில் உறைந்து, என்ஜின் வெடித்துவிட்டது. லரிஸாவின் வேலை போயிற்று என்று வாசலில் நின்றபோது ஹாரன் கேட்டது. நீலக் கார். உள்ளே லரிஸா.

"வெள்ளிக்கிழமை காலைலயே என் மெக்கானிக் இதைத் தூக்கி அடிவரைக்கும் பாத்துட்டாரு மாமா. வண்டி மேல யாருக்கும் கடன் இல்லைன்னு பதிவுல பாத்தேன். டுவெய்ன் வாயால சொன்னதையெல்லாம் எழுதி வாங்கினேன். நீங்க 'நல்ல'ல இருக்கும்போது உள்ளறையில கையெழுத்து போட்டாச்சு. நேத்து போய் எடுத்துட்டு வந்தேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா அந்த ஒப்பந்தத்தையும் படிப்பீங்க. அதுக்குள்ள திங்கக்கிழமை வந்துரும். ஏறுங்க, உங்களை மெக்கானிக்கிட்ட விட்டுட்டுப் போறேன். முதல்ல இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து."

காது உறைந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் முதன்முறையாகப் படிக்காமல் கையெழுத்திட்டேன். ஏறியபின் படித்தேன்: "பயணி உள்ளது உள்ளபடி ஏற்கப்படுகிறார். அவருடைய அறிவுரைக்கு உத்தரவாதம் இல்லை. கார் வாங்குவது பற்றி என் அப்பாவுக்கு இனி எதுவும் எழுதமாட்டார்."

நன்றாகவே எழுதியிருக்கிறாள். ஆனால் "இனி" என்பது கையெழுத்துக்குப் பிந்திய காலத்தையே குறிக்கும். மேலே உள்ள கடிதம் அதற்கு முந்தியது; செல்லும். இந்தப் பின்குறிப்பு மட்டுமே ஒப்பந்த மீறல். ஆகவே, படித்ததும் இதைக் கிழித்துவிட்டு, மேலே உள்ளதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.